ஏழாம் நம்பர் பென் டிரைவ்

போன் அலறியது.

காலை ஆறு ஐம்பது. சிங்கப்பெருமாள் கோயில் சன்னதித் தெரு வீட்டில், ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த ஹம்சினி, கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

தெரியாத நம்பர்!

"ஹலோ..."

"யாரும்மா பேசறது?"

"போன் பண்ணது நீங்க... நீங்க யாரு?"

"இன்ஸ்பெக்டர் பன்னீர்செல்வம். ஜெயகிருஷ்ணன்னு யாரையாவது தெரியுமா?"



"தெரியும் சார். எங்க ஆபீஸ்தான். பாணி ஆபீஸ் சிஸ்டம்ஸ், செங்கல்பட்டு. ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ் இன்ஜினியர். ஏன் சார்?"

"அவர் கடைசியா பேசின நம்பர் உன்னுது. வெண்மணல்குப்பம் தெரியுமா? மகாபலிபுரம் பக்கம். ஒடனே கெளம்பி வா."

"அண்ணாவுக்கு என்ன சார் ஆச்சு?"



"கரை ஒதுங்கியிருக்காரு!"

சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. ஹம்சினி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கரை ஒதுங்கியிருக்காரு...

நேற்று சாயங்காலம் நாலு இருபத்தைந்துக்குத்தான் பேசினாள். பேசினாளா? கத்தினாள்!

ஹம்சினிக்கு இருபத்தேழு வயது. பாணி ஆபீஸ் சிஸ்டம்ஸில் அவள் வேலை வெளியிலிருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியும். பென் டிரைவ் தயார் செய்வது! பெரிய காப்பியர் மெஷின்களின் மூளைக்குள் ஒரு ப்ரோக்ராம் இருக்கிறது. அதைப் புதுப்பிக்க, கம்பெனி அனுப்பும் ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் சொருக வேண்டும். கேட்கச் சுலபம். பென் டிரைவ் பெரிதாக இருந்தால் மெஷின் படிக்காது. உள்ளே வேறு ஒரு ஃபைல் இருந்தாலும் குழம்பும். பாதியில் உருவினால் செத்தே போகும்! லட்ச ரூபாய் மெஷின், சவப்பெட்டி.

அதனால் ஒவ்வொரு பென் டிரைவையும் அவளே தேர்ந்தெடுப்பாள். அவளே துடைத்துச் சுத்தமாக்குவாள். முதுகில் சிவப்பு நெயில் பாலிஷால் நம்பர் போடுவாள். நேற்றுக் காலை ஜெயகிருஷ்ணன் கையில் அவள் கொடுத்தது ஏழாம் நம்பர்.

சாயங்காலம் அவர் போன் பண்ணினார்.

"ஹம்சி... ஏழாம் நம்பர்ல இன்னும் இடம் இருக்குமா? ஒரு சின்ன விஷயத்தைக் காப்பி பண்ணணும்."

"அண்ணா, எத்தனை தடவை சொல்றது? ஒரு பென் டிரைவ், ஒரு ஃபைல்! வேற எதையாவது போட்டு மெஷின் படுத்துடுச்சுன்னா சாரங்கபாணி சார் என்னைத்தான் காய்ச்சுவார். எதையும் போடாதீங்க!"

"சரிம்மா, சரிம்மா... கோச்சுக்காத..."

"வைங்க போனை!"

அவரிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

வைங்க போனை.

*

திருக்கழுக்குன்றம் தாண்டி, ஸ்கூட்டியை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, வெண்மணல்குப்பத்தை அடையும்போது மணி எட்டரை.

படகுகள் கடலுக்குப் போகவில்லை. மணலில் கூட்டம். விலக்கிக்கொண்டு போனாள்.

ஜெயகிருஷ்ணன் மல்லாந்து கிடந்தார்.

பாதிக் கண் திறந்திருந்தது. மீசையில் மணல். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை உப்புத் தண்ணீரில் ஊறி உடம்போடு ஒட்டியிருந்தது. பின் மண்டையில்... ஹம்சினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்கு மனைவி இருக்கிறாள். நாலாம் வகுப்புப் படிக்கும் பெண் இருக்கிறாள். அவர்களுக்கு யார் சொல்வது?

"அழுவாத தங்கச்சி..."

பக்கத்தில் நின்றவருக்கு நாற்பது வயதிருக்கும். லுங்கி. வெயில் குடித்த கறுத்த தோள். கண் சிவந்திருந்தது.

"நான் மாயவன். நான்தான் மொதல்ல பாத்தேன். போட்டைத் தள்ளலாம்னு வந்தா இங்க கெடக்கறாரு. மனசே ஆறலை. இந்தப் பக்கம் வேலைக்கு வந்தா எங்க வூட்லதான் மீன் கொழம்பு துண்ணுட்டுப் போவாரு. எங்கம்மா செத்தப்போ, வேண்டான்னு பேரு, கூட நின்னு பாடையைத் தூக்கினாரு. மூணு வருசம் ஆவுது... அண்ணாத்தைய இப்பிடிப் பாக்கணும்னு எந்தலையில எளுதிக்கீது!"

"தள்ளு, தள்ளு!"

லத்தி கூட்டத்தைப் பிளந்தது. இன்ஸ்பெக்டர் பன்னீர்செல்வம். ஐம்பதை நெருங்கும் வயது. நெற்றியில் பட்டையாகத் திருநீறு. சட்டைப் பொத்தான்களைச் சோதிக்கும் தொப்பை.

"நீதான் ஹம்சினியா? உங்க ஆளுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாதவன் ஏம்மா எறங்கறான்? வேலை முடிஞ்சு குளிக்க எறங்கியிருக்கான். அலை தூக்கிப் பாறைல அடிச்சிருக்கு. கேஸ் முடிஞ்சுது. இதெல்லாம் அவர் பாக்கெட்ல இருந்துது. அவருதானான்னு சொல்லு."

கான்ஸ்டபிள் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார்.

பர்ஸ். தண்ணீர் சொட்டும் செல்போன், திரை முழுக்கக் கறுத்துப் போய். ஒரு சிறு ஸ்க்ரூ டிரைவர். ஒரு பென் டிரைவ்.

ஹம்சினி கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"சார்... இது எங்களுது இல்ல!"

"எது?"

"இந்த பென் டிரைவ். நான் குடுத்தது ஏழாம் நம்பர். வெள்ளைக் கலர், ஒரு ஜி.பி. முதுகுல சிவப்பா ஏழு போட்டிருப்பேன். இது கறுப்பு. நாலு ஜி.பி. புத்தம் புதுசு. எங்க மெஷின் ரெண்டு ஜி.பி.க்கு மேல இருந்தா திரும்பிக்கூடப் பாக்காது சார். பதினஞ்சு வருஷ சர்வீஸ்காரர் இதைக் கையால தொடமாட்டார்!"

"சொந்தத்துக்கு வாங்கியிருப்பாரு."

"அப்போ ஏழாம் நம்பர் எங்க சார்?"

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். கடல் ஒரு முறை வந்து திரும்பிப் போனது.

"கடல் எடுத்துட்டுப் போயிருக்கும்..."

"ஏழாம் நம்பரை எடுத்துக்கிட்டு நாலு ஜி.பி.யைக் குடுத்துட்டுப் போச்சா சார்? யாரோ மாத்தி வெச்சிருக்காங்க!"

மாயவன் ஓரடி முன்னால் வந்தார். "தங்கச்சி... அப்போ கொலைன்றியா?"

"தெரியலண்ணா. ஆனா நேத்து அவர் கடைசியா போன இடம் எனக்குத் தெரியும். மகாபலிபுரத்துல அலைவாசல் எஸ்டேட்ஸ்னு ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸ். எங்க வாடகை மெஷின் ஒண்ணு அங்க ஓடுது."

இன்ஸ்பெக்டர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மூளை வேலை செய்யுதும்மா உனக்கு. வா... அங்கியே போய்ப் பாத்துடுவோம். ஜீப்ல ஏறு."

*

ஜீப் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறந்தது. சவுக்குத் தோப்புகள் முடிந்து, 'மனைகள் விற்பனைக்கு' என்று கலர் கலராகப் போர்டுகள் ஆரம்பித்தன.

இன்ஸ்பெக்டர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

"எந்த ஊர்மா?"

"சிங்கப்பெருமாள் கோயில் சார்."

"நமக்குக் கருங்குழி. சரி... நேத்து போன்ல இன்னா சொன்னாரு?"

"பென் டிரைவ்ல இடம் இருக்கான்னு கேட்டாரு. எதையோ காப்பி பண்ணணும்னாரு."

"எதை?"

"சொல்ல விடலை சார்... நான்தான் கத்திட்டேன். கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம்..."

"வேற யார்கிட்டியாவது இதைச் சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது. கேஸ் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

சிற்பக் கூடங்களுக்கு நடுவே அலைவாசல் எஸ்டேட்ஸ். இரண்டு பக்கமும் கருங்கல்லை மெஷின் அறுத்துக்கொண்டிருந்தது. கிர்ர்ர்... காதைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே ஒருவன் கழுத்தறுபட்டுக் கத்தினால்கூடத் தெருவுக்குக் கேட்காது!

மேனேஜர் கிரிதர் எழுந்து நின்றான். முப்பது வயது. கழுத்தில் தங்கச் செயின். கண்ணில் தூக்கமில்லை.

"ஜெயகிருஷ்ணனா? நேத்து வரவே இல்லியே சார்..."

ஹம்சினி அவனைத் தாண்டி நடந்தாள். மூலையில் நின்ற காப்பியரிடம் போனாள். இடுப்புயர மெஷின். திரை இருண்டு கிடந்தது. ஒரே ஒரு ஆரஞ்சு விளக்கு மட்டும் விட்டு விட்டு மினுக்கியது.

சுவிட்சை அணைத்துப் போட்டாள். அதே மினுக்கல்.

"பொய் சொல்றார் சார்!"

"எப்பிடிச் சொல்ற?"

"அப்டேட் ஓடிட்டிருக்கும்போது பென் டிரைவைப் பிடுங்கினா மட்டும்தான் மெஷின் இப்படி ஆகும். எங்க அண்ணா நேத்து இங்க வந்திருக்கார். பென் டிரைவைச் சொருகி அப்டேட்டை ஆரம்பிச்சிருக்கார். பாதியில யாரோ உருவியிருக்காங்க. எந்தச் சர்வீஸ்காரனும் அதைச் செய்யமாட்டான்... உயிர் போனாலும்!"

சொல்லி முடித்ததும்தான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது.

பளார்!

இன்ஸ்பெக்டரின் கை கிரிதரின் கன்னத்தில் இறங்கியிருந்தது.

"இன்னாடா நாடகம் ஆடறியா? போலீஸ்காரன்கிட்டியே பொய்யா?"

"வந்தாரு சார்... வந்தாரு! செத்துட்டாருன்னு கேள்விப்பட்டதும் பயந்துட்டேன் சார். அஞ்சு மணிக்கெல்லாம் போயிட்டாரு!"

"உக்காருடா அங்க. அப்புறமா கவனிச்சுக்கறேன்." இன்ஸ்பெக்டர் ஹம்சினியிடம் திரும்பினார். "இந்த மெஷினுக்கு உயிர் குடுக்க முடியுமா?"

"முடியும் சார். எமர்ஜென்சி வழி ஒண்ணு இருக்கு."

"உள்ள இருந்ததெல்லாம்?"

"செத்தது ப்ரோக்ராம்தான். இதுக்குள்ள ஹார்ட் டிஸ்க் இருக்கு. யாராவது ஸ்கேன் பண்ணி சேமிச்சு வெச்சிருந்தா அப்படியே இருக்கும்."

இன்ஸ்பெக்டர் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார்.

"அப்போ... குடு. உயிர் குடு."

*

ஹம்சினி, பழக்கத்தில் தோளில் மாட்டி வந்திருந்த ஆபீஸ் பையைத் திறந்தாள். ஆபீஸ் லேப்டாப். கம்பெனி சி.டி. மூன்று பென் டிரைவ்கள்.

"என் கம்ப்யூட்டரை வேணா யூஸ் பண்ணிக்கோங்க..." கிரிதர் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"வேண்டாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சொருகின அடுத்த நிமிஷம் வைரஸ் ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாம ஒரு ஃபைல் குடியேறும். மெஷின் மறுபடியும் படுக்கும்."

முதல் பென் டிரைவை எடுத்தாள். எட்டு ஜி.பி. ஒதுக்கினாள். இரண்டாவது இரண்டு ஜி.பி.தான், ஆனால் பாஸ்வேர்டு கேட்கும் ஜாதி. காப்பியருக்குப் பாஸ்வேர்டு அடிக்கக் கையா இருக்கிறது? அதையும் ஒதுக்கினாள்.

மூன்றாவது ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்.பி. தேய்ந்து போன பழசு. மூடி தொலைந்து போனது. அலங்காரம் எதுவும் கிடையாது. சொன்னதைக் கேட்கும். அதுதான் வேண்டும்!

லேப்டாப்பில் சொருகி முழுவதும் அழித்தாள். ஃபேட் முப்பத்திரண்டு முறையில் ஃபார்மேட். சி.டி.யிலிருந்து ஒரே ஒரு ஃபைலை எடுத்தாள். எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், பெயரில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், வெட்டவெளியில் வைத்தாள். 'பத்திரமாக எடுக்கலாம்' என்று லேப்டாப் சொல்லும்வரை காத்திருந்தாள்.

அண்ணா செத்துக் கிடக்கிறார்... நான் ஃபார்மேட் பண்ணிக்கொண்டிருக்கிறேன்!

மெஷினின் பக்கவாட்டில் சொருகினாள். இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

ஆரஞ்சு விளக்கு நின்றது. திரை மெல்ல வெளுத்தது. ஒரு கோடு... ஒரு சதவீதம்... இரண்டு...

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"பதினாலு நிமிஷம் சார். யாரும் கிட்ட வராதீங்க."

இன்ஸ்பெக்டர் பொறுமையில்லாமல் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தார். பத்தாவது நிமிஷம் அவருடைய செல் அடித்தது. கல் அறுக்கும் சத்தத்தில் காது கேட்காமல், "இரு, இரு" என்று கத்திக்கொண்டே பின்கதவு வழியாக வெளியே போனார்.

நூறு சதவீதம்!

மெஷின் உயிர் பெற்றது. உள்ளே உருளைகள் சோம்பல் முறித்தன. கிரிதர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான்.

ஹம்சினி 'சேமித்தவை' என்ற பட்டனைத் தொட்டாள்.

ஒரே ஒரு ஃபைல். நேற்று. மாலை 4.22. பதினோரு பக்கம்.

நாலு இருபத்திரண்டு! அவர் அவளுக்குப் போன் பண்ணியது நாலு இருபத்தைந்து! யாரோ மெஷினின் கண்ணாடியில் மறந்து வைத்த பத்திரத்தை அவர் படித்திருக்கிறார். ஸ்கேன் பண்ணியிருக்கிறார். பென் டிரைவில் ஏற்றலாமா என்று அவளைக் கேட்டிருக்கிறார்.

முதல் பக்கத்தைத் திறந்தாள். திரையில் தீப்பெட்டி அளவுக்குப் பக்கம். பெரிதாக்கினாள்.

பொது அதிகாரப் பத்திரம். வெண்மணல்குப்பம். நாற்பத்து மூன்று குடும்பங்கள். கடலோர நிலம் பதினாறு ஏக்கர். நாங்கள் மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்தது...

கீழே முதல் கைரேகை. வேண்டா. தேதி, போன மாதம்!

மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்துப் போன மாயவனின் அம்மா, போன மாதம் எழுந்து வந்து கட்டைவிரலை வைத்தாளா? அவளைத் தூக்கிய தோள் ஜெயகிருஷ்ணனுடையது. பெயரைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்கும்!

அதிகாரம் பெறுபவர் பெயரைத் தேடினாள்.

சௌந்தரவல்லி. கணவர் பெயர் பன்னீர்செல்வம். கருங்குழி.



நமக்குக் கருங்குழி...

இல்லை. இருக்காது. உலகத்தில் எத்தனையோ பன்னீர்செல்வம். ஆனால்... கடற்கரையில் பார்த்த அந்தச் செல்போன்! உப்புத் தண்ணீரில் ஊறிச் செத்துப் போன செல்போன். அதில் கடைசியாகப் பேசிய நம்பர் காலை ஆறு ஐம்பதுக்கு இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது?

கடலில் போடுவதற்கு முன்னாலேயே பார்த்திருந்தால்தான் தெரியும்!

விசாரிக்கக் கூப்பிடவில்லை. எவ்வளவு தெரியும் என்று ஆழம் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறான். அவளும் கிளிப்பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள்... வேற யார்கிட்டியும் சொல்லலை சார் என்பது உட்பட!

ஓடலாமா? பின்கதவில் அவன். முன்வாசலில் அவன் ஜீப்.

அவள் விரல்கள் யோசிப்பதற்கு முன்னாலேயே நகர ஆரம்பித்தன. மெஷினில் ஃபேக்ஸ் உண்டு. அப்டேட் முடிந்த மெஷின், அனுப்புபவர் பெயரை மறந்துவிட்டு, புதிதாகக் கேட்கும். இருபத்திரண்டு எழுத்துக்குத்தான் இடம். ஆங்கில எழுத்தில் தட்டினாள்.

நம்பர்? போன வாரம்தான் மாவட்ட எஸ்.பி. ஆபீஸ் ஃபேக்ஸ் மெஷினுக்கு டோனர் மாற்றினாள். லைன் சரியா என்று ஆறு தடவை அதே நம்பரை அடித்துப் பார்த்தாள். விரலுக்கு மனப்பாடம்!

ஸ்பீக்கர் சத்தம்... ஆஃப்.

அனுப்பு!

பச்சை விளக்கு ஒன்று ஓசையில்லாமல் துடிக்க ஆரம்பித்தது.

*

டர்ர்ர்ர்ர்... தடால்!

ஷட்டர் இறங்கியது. முன்வாசல் வெளிச்சம் செத்தது.

"ஏன் சார் ஷட்டரை..." ஹம்சினி மெஷினின் திரையை முதுகால் மறைத்துக்கொண்டு திரும்பினாள்.

சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஷட்டரிலிருந்து கையை எடுத்தார். சட்டைப் பாக்கெட்டில் கை விட்டு எதையோ எடுத்து மேஜையில் வைத்தார்.

வெள்ளைப் பென் டிரைவ். முதுகில் சிவப்பாக ஏழு!

"இதைத்தானே தேடின?"

அவள் மெஷினோடு இன்னும் ஒட்டி நின்றாள்.

"கரையிலயே நீ வாயை மூடியிருந்தா இந்நேரம் அழுதுட்டு வூட்டுக்குப் போயிருப்ப. பென் டிரைவ் இல்லாம சர்வீஸ்காரன் செத்தா கேள்வி வரும்னு அவசரத்துல ஒண்ணு வாங்கிச் சொருகினேன். அதுக்கும் சைஸ் பாப்பீங்கன்னு எவனுக்குடி தெரியும்?"

"அண்ணா உங்களை என்ன சார் பண்ணார்?"

நேரம்! நேரம் வேண்டும். பதினோரு பக்கம். ஒரு பக்கத்துக்கு அரை நிமிஷம்...

"இந்த நாய் பத்திரத்தை மெஷின்லியே மறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போச்சு." கிரிதரைக் கையால் காட்டினார். "திரும்பி வந்தா உங்க ஆளு கேட்டானாம், 'செத்துப் போன வேண்டா அம்மா எப்போ சார் எழுந்து வந்தாங்க?'ன்னு. நான் வந்து மெதுவாதான் சொன்னேன். 'இதோ பாரு, நீ மெஷினைப் பாரு, நாங்க நெலத்தைப் பாக்கறோம்.' கேக்கல. 'நாப்பத்தி மூணு குடும்பம் சார், கடலை வுட்டா அவங்களுக்குப் போக்கிடம் இல்ல'ன்னு எனக்கே பாடம் நடத்தறான். பென் டிரைவ்லதான் காப்பி எடுத்துட்டான்னு உருவினேன். பாஞ்சு வந்து என் கையைப் புடிச்சான். இரும்புக் கம்பியால ஒரே அடி."

"அப்படியே... செத்துட்டாரா?"

"இல்ல. கடல்ல போடும்போதுகூட மூச்சு இருந்துது."

கிரிதர் காதைப் பொத்திக்கொண்டான். ஹம்சினி மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் ஏழாம் நம்பரைக் கையில் எடுத்து ஆட்டிக் காட்டினார்.

"கூத்து இன்னா தெரியுமா? இதை வூட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன். ஒரே ஒரு ஃபைலு. ஏதோ ப்ரோக்ராமாம், தொறக்கவே மாட்டேங்குது. வேற எதுவும் இல்ல. வெறும் டப்பா! இதுக்காவ வீணா செத்தான் உங்க அண்ணன்!"

ஹம்சினிக்குக் கண் நிறைந்தது.

கேட்டிருக்கிறார்... அவள் பேச்சைக் கேட்டிருக்கிறார்! எதையும் போடாதீங்க என்று அவள் கத்தினாள். அவர் போடவில்லை. போட்டிருந்தால் அந்தப் பதினோரு பக்கமும் இந்தப் பாவியின் பாக்கெட்டுக்குப் போயிருக்கும். போடாததால்தான் மெஷினுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது!

"ஒரிஜினலை எரிச்சுட்டேன். வேற பத்திரம் எழுதிக்குவேன். மெஷினுக்குள்ள இருக்கறதை அழி. அழிச்சுட்டுக் கெளம்பு. நானே ஜீப்ல கொண்டு போய் விடறேன்."

எங்கே விடுவான் என்று அவளுக்குத் தெரியும். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது.

"அழிக்கறேன் சார்... அஞ்சு நிமிஷம் ஆகும்..."

"சார்!" கிரிதரின் குரல் கீச்சிட்டது. அவன் எழுந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், அதுல ஏதோ ஓடுது சார்! ஒம்போதுன்னு காட்டுது!"

இன்ஸ்பெக்டர் ஒரே பாய்ச்சல். ஹம்சினி சுவரில் போய் மோதி விழுந்தாள். அவர் கண்ணில் பட்டது, பக்கவாட்டில் சொருகியிருந்த தேய்ந்த பென் டிரைவ்!

"சாவுடா! நேத்து செத்த மாதிரி சாவு!"

உருவினார். தரையில் போட்டார். பூட்ஸ் காலால் மிதித்தார். நொறுங்கியது!

மெஷின் சாகவில்லை. அப்டேட் எப்போதோ முடிந்திருந்தது.

பச்சை விளக்கு நிதானமாகத் துடித்தது. பத்து... பதினொன்று...

பீப்!

உருளைகள் சுழன்று ஒரு தாள் வெளியே வந்தது. ஃபேக்ஸ் போனதற்கான ரசீது. கிரிதர் அதை எடுத்தான். படித்தான். அவன் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"பதினோரு பக்கமும் போயிடுச்சு சார்... நம்பர்... இது எஸ்.பி. ஆபீஸ் நம்பர் சார்! ஒவ்வொரு பக்கத்து மேலயும் அனுப்பினவங்க பேர் இருக்குமே, அதுல..."

"இன்னாடா?"

"'பன்னீர் இன்ஸ் கொலைகாரன்'னு அடிச்சிருக்கு சார்!"

இன்ஸ்பெக்டரின் இரண்டு கைகளும் ஹம்சினியின் கழுத்தை நோக்கி வந்தன. விரல்கள் இறுகின. மூச்சு முட்டியது. கண் இருட்டியது. வெளியே கல் அறுந்துகொண்டே இருந்தது. கிர்ர்ர்...

கிரிதர் ஓடினான். அவன் காப்பாற்ற ஓடவில்லை, தப்பிக்க ஓடினான்! ஷட்டரை இரண்டு கையாலும் தூக்கினான்.

வெளிச்சம் வெள்ளமாகப் பாய்ந்தது. அந்த வெளிச்சத்தில்...

மாயவன்! அவருக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர். பெண்களும் இருந்தார்கள். யாரும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணாத்த கடேசியா இங்கதான் வந்தார்னு தங்கச்சி சொல்லிச்சு." மாயவன் கிரிதரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "இன்னா நடந்துச்சுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்... இன்னாய்யா பண்ற பொண்ணை? வுடு! கையை எடு!"

இன்ஸ்பெக்டரின் விரல்கள் தாமாகவே தளர்ந்தன.

ஹம்சினி இருமினாள். மூச்சை அள்ளி அள்ளிக் குடித்தாள்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டரின் செல் அடித்தது. திரையைப் பார்த்தார். காக்கிச் சட்டையின் முதுகு முழுக்க ஒரே நொடியில் வியர்வை. அவசரத்தில் விரல் எந்தப் பட்டனை அமுக்கியதோ, ஸ்பீக்கரில் குரல் அறை முழுவதும் ஒலித்தது.

"எஸ்.பி. பேசறேன். பன்னீர்செல்வம், ஃபேக்ஸ் வந்திருக்கு. பத்திரம்... உங்க வொய்ஃப் பேரு... மேல என்னென்னவோ எழுதியிருக்கு. என்னய்யா இதெல்லாம்? எங்க இருக்கீங்க இப்போ?"

இன்ஸ்பெக்டர் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஹம்சினி எழுந்தாள். கழுத்தில் ஐந்து விரல் தடம். கன்னமெல்லாம் ஈரம். ஆனால் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"சொல்லுங்க சார்... அவருக்குப் போனது வெறும் காப்பிதான், ஒரிஜினல் இங்கதான் நிக்குதுன்னு சொல்லுங்க!"